கரப்பான் பூச்சிக்கு எதுக்கு ரிமோட்?

மொபைலில் விரலை இழுத்தால் கரப்பான் பூச்சி இடது, வலது திரும்பும். இப்படி ஒரு கிட் இருக்குன்னு சொன்னால் நம்மில் பாதிப் பேர் உடனே ஆர்டர் போட்டுவிடுவோம், இல்லையா? ரோபோரோச் அப்படிப்பட்ட கிட்தான். மாணவர்களுக்கு நரம்பியல் சொல்லித்தர, அமெரிக்காவின் பேக்யார்ட் பிரெய்ன்ஸ் நிறுவனம் 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி இதைக் கொண்டுவந்தது.

எப்படி வேலை செய்கிறது?

பூச்சியை ஐஸ் தண்ணீரில் போட்டு மரத்துப்போக வைக்க வேண்டும். மேல் ஓட்டைத் தேய்த்து கனெக்டரை ஒட்ட வேண்டும். இரண்டு மீசைகளையும் நறுக்கி, உள்ளே மெல்லிய கம்பியைச் செருக வேண்டும். புளூடூத் வழியாகக் கட்டளை வந்ததும் மீசை நரம்பில் சின்ன மின்துடிப்பு பாயும். அந்தப் பக்கம் ஏதோ தடுப்பதுபோல் உணர்ந்து பூச்சி மறுபக்கம் திரும்பும். சில நிமிடங்களில் பழகிப்போய், சிக்னலைக் கண்டுகொள்ளாது.

இரண்டு பக்க வாதம்

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைக்குத் தரும் மின்தூண்டலும் இதே அடிப்படைதான், சின்ன வயதிலேயே ஆர்வம் வரட்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பூச்சிக்கு வலிக்குமா என்பதற்கு அறிவியலில் இன்னும் முடிவான பதில் இல்லை. அப்படியிருக்க ஒரு பையன் வீட்டில் உட்கார்ந்து அறுவை செய்யலாமா என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். உயிரை ஜாய்ஸ்டிக்கில் ஆட்டும் பொருளாகப் பார்க்கிற பழக்கமும் பாடத்தோடு சேர்ந்தே வருது என்பது அவர்கள் கவலை.

நாம் எப்படி முடிவெடுப்பது?

1959-ல் ரஸ்ஸல், பர்ச் இருவரும் மூன்று விதிகள் தந்தார்கள். உயிருக்குப் பதில் வேறு வழி தேடு, முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையையும் குறை. வரிசை முக்கியம். முதல் கேள்விக்கே விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் வேலையில்லை.

நம் நாட்டின் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், மனிதர் தவிர்த்த எந்த உயிரும் 'விலங்கு'தான். புத்தகம், மாடல், படம் போதுமென்றால் கல்லூரிகளில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பதே அதன் 17-வது பிரிவின் நோக்கம்.

வேறு வழி இருக்கா?

இருக்கு. மூன்று எலக்ட்ரோடு ஸ்டிக்கர், ஒரு இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர், ஒரு ஆர்டுயினோ போதும். உங்கள் கைத்தசையின் சிக்னலையே திரையில் பார்க்கலாம். அதே நிறுவனம்கூட இதற்குத் தனி கிட் விற்கிறது. பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். மெயின்ஸில் இணைந்த எதையும் உடம்போடு சேர்க்காதீர்கள். மீசை பாடம் வேண்டுமா? பம்பர் சுவிட்ச் வைத்த குட்டி ரோபோவில், தொடர்ந்து தட்டினால் 'பழகிப்போகும்' கோடை எழுதிப் பாருங்கள்.

அடுத்த புராஜெக்ட் ரிவ்யூவில் உயிருள்ள எதையாவது பார்த்தால், "இது இல்லாம முடியாதா?" என்று முதல் ஆளாகக் கேளுங்கள்.