மலை கரைந்து கடலுக்குப் போனதாம்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை டீக்கடையில் ஒருவர் அந்தப் படத்தை இன்னமும் செல்போனில் காட்டிக்கொண்டிருக்கிறார். 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கடலூர்க் கடல் செம்பழுப்பாகத் தெரியும் செயற்கைக்கோள் படம். "பூரா நம்ம மலை மண்ணு சார். சாட்டிலைட்டே சொல்லிடுச்சு!"

சாட்டிலைட் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. டிசம்பர் 1 அன்று மலையில் நடந்த நிலச்சரிவில் ஏழு உயிர்களைக் கொண்டுபோன பாறைகள் அடிவாரத்திலேயே கிடந்தன. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்ட தண்ணீர் அண்ணாமலையைத் தொட்டுப் போகவில்லை; தென்பெண்ணை தன் கரைகளை அரித்துக்கொண்டே கடலூருக்குப் போனது. டிசம்பர் வாக்கில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். பாலாற்று வண்டலும் அதில் சேரலாம். புயல் அலை வேறு கடலடி மண்ணைக் கிளப்பும். இதில் எது யார் வீட்டு மண் என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்வீர்களா?

செயற்கைக்கோள் பார்ப்பது வெளிச்சத்தை. தெளிந்த நீர் சிவப்பு ஒளியை விழுங்கும், சேற்றுநீர் திருப்பியடிக்கும். கடலுக்கு மேல் அதன் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் பெரும்பங்கு காற்று சிதறடித்தது. முதலில் அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதும் மேல்நீரின் சேதிதான். டீ கிளாஸை மேலிருந்து பார்த்து அடியில் எவ்வளவு சர்க்கரை என்று சொல்ல முடியுமா? 2022இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோள் கடல் நிறத்தை 13 பட்டைகளில் பிரித்துப் பார்க்கிறது. அதற்கும் இதே கதிதான்.

அந்த வெளிச்சம் மில்லிகிராம் கணக்காக மாற, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தை ஒட்டி ஒருவர் படகில் போய் பாட்டிலில் நீர் எடுக்க வேண்டும். முன்பே எடைபோட்ட வடிதாளில் ஒரு லிட்டரை வடிகட்டி, கடல் உப்பைக் கழுவி, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். கூடிய எடைதான் நீரில் மிதந்த துகள்களின் எடை. இப்படிப் பல இடங்களில் எடுத்து ஒப்பிட்ட பிறகே படத்தின் நிறத்துக்கு அளவு கிடைக்கும்.

மற்ற புரளிகள்: கடல் சிவந்தால் மண்தான் என்பது பொய், பாசியாலும் சிவக்கும். சாட்டிலைட் எந்நேரமும் பார்க்கும் என்பதும் பொய்; நிறம் பார்க்கும் கருவி ராத்திரியில் குருடு, மேகம் மூடினாலும் குருடு.

நம் மலை மண்ணைத் தேடுகிறவர்கள் கடலூருக்குப் போக வேண்டாம். அது நம்மூர் வரத்துக்கால்வாயை அடைத்துக்கொண்டும் ஏரிக்குள்ளும் படுத்திருக்கிறது. கோடையில் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கினால் விவசாயிகள் அந்த வண்டலை வயலுக்கு அள்ளிப் போகலாம். படம் காட்டுகிறவர் முதல் டிராக்டரோடு வரட்டும்.