மல்லிகைக்குக் கார்த்திகைக் கவாத்து

கார்த்திகை பிறந்ததும் குண்டுமல்லிச் செடி பொலிவிழந்து நிற்கும். இலை பழுக்கும், புதுத் துளிர் வராது. கோடையில் கூடை கூடையாகப் பறித்த தோட்டத்தில் கைப்பிடி அரும்பு கிடைப்பதே அரிதாகிவிடும். நோய் கண்டுவிட்டதோ என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இரவுக் குளிரினால் செடி ஓய்வு கொள்கிறது, அவ்வளவுதான். குளிர் நாடுகளில் ஆப்பிள் மரம் பனிக்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு உறங்கும். அப்போதுதான் அங்கு கிளைகளை வெட்டுவார்கள். நம் சமவெளி மல்லிகைக்கு அத்தனை ஆழ்ந்த உறக்கம் இல்லை. இருக்கும் இந்தச் சிறு தூக்கமே கவாத்துக்கு ஏற்ற தருணமாகும்.

வேலப்பன்சாவடி, திருவேற்காடு, பூவிருந்தவல்லிப் பக்கத்துக்குப் பூந்தோட்டம் புதிதன்று. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி, நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டு சென்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று வீடுகளும் கல்லூரிகளும் நெருங்கிவிட்ட இப்பகுதியில், ஐந்து சென்ட், பத்து சென்ட் என்ற அளவில்தான் பூச்செடி வைக்க முடியும். நான்கடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் நட்டால் பத்து சென்டில் சுமார் 250 செடிகள் நிற்கும். கோயம்பேடு பூ மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி.

சங்கடமும் அங்கிருந்துதான் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் பூ வரத்து குறைந்து, மல்லிகை விலை சில நாட்களில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதுண்டு. இந்த விலையைப் பார்த்துவிட்டுச் செடியில் கத்தி வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? ‘பொங்கல் போகட்டும்’ என்று தள்ளிப் போடுவார்கள். ஆனால் மல்லிகை, புதிதாக வரும் துளிரின் நுனியிலும் அதன் பக்கக் கிளைகளிலும்தான் பூக்கும். பழைய குச்சிகள் நீண்டு படர்ந்து, உள்ளே வெயில் புகாமல் கிடந்தால் துளிர் குறையும். அதிக விலைக்கு விற்ற ஒரு பிடி பூவுக்காகப் பங்குனி, சித்திரை முகூர்த்தங்களின் விளைச்சலை இழப்பது கணக்குக்கு ஒத்து வராது. மனம் கேளாதவர்கள் கால் பங்குச் செடிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை உரிய காலத்தில் வெட்டலாம்.

நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது சுமார் 20 அங்குல உயரம் விட்டு வெட்டுவது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. இங்கோ அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே நாட்காட்டியை மட்டும் பார்க்காமல் வானத்தையும் பார்த்து, இரண்டு மூன்று நாள் வெறிப்பு கிடைக்கும்போது வெட்டுவது நல்லது. ஒரு வாரம் தாமதித்தால் குடி முழுகிவிடாது. அதற்கு முன்பே வாய்க்கால் எடுத்துத் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். வேரடியில் நீர் நின்றால் எவ்வளவு நேர்த்தியாக வெட்டியும் பயனில்லை.

முதலில் காய்ந்த குச்சி, நோயுற்ற குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். பிறகு வெளிப்பக்கம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, மழைநீர் நிற்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். மழுங்கிய அரிவாளால் கொத்தினால் குச்சி பிளந்து பட்டை கிழியும். அந்தப் புண் வழியே பூசணம் புகும். கவாத்துக் கத்தரி வாங்கும் செலவு வீணாகாது. மீதியுள்ள இலைகளையும் உருவிவிட வேண்டும்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது அவசியம். பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில், திருடர் கை வைக்காதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளில் தெளித்தார்கள். தெளித்த கொடிகளில் நோய் வராததைக் கண்டு 1885-இல் அறிஞர் மில்லார்டே உலகுக்குச் சொன்ன மருந்து இது. மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டர் நீரிலும் கரைத்து, இரண்டையும் சேர்க்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே உகந்தது, இரும்பு கூடாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

கவாத்து முடிந்ததும் செடிக்குப் பத்து கிலோ தொழு உரம் இட்டு, அத்துடன் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் இட்டு மண்ணைக் கிளறி மூட வேண்டும். இது ஆண்டுத் தேவையில் பாதி. மறு பாதி ஆனி, ஆடியில். மழை பெய்து கொண்டிருந்தால் உரத்தை நிறுத்தி வைப்பதே புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் செலவழித்த காசு கூவத்துக்குப் போய்ச் சேரும். வெட்டிய நோய்க் குச்சிகளை வரப்பிலேயே குவித்து வைக்காமல் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

எல்லா மல்லிக்கும் நாள் ஒன்றல்ல. ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். கையில் கத்தரி இருக்கிறதே என்று வேலியோரத்து மாமரத்துக்குப் போய்விடக் கூடாது. மார்கழி, தையில் பூவெடுக்க வேண்டிய கிளை அது. மாமரத்துக்குக் கவாத்துக் காலம், காய் பறித்து முடிந்த பின் வரும் ஆனி, ஆடி.