வெளிச்சம் எங்கே விழ வேண்டும்?



இரவு எட்டு மணிக்கு மேல் நம் குடியாத்தம் – பேரணாம்பட்டு சாலையோரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? தோல் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை முடிந்து திரும்புவோரின் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பின்னால் லுங்கிக் கட்டுகளை மலைபோல் ஏற்றிய மொபெட்டுகளும் வரும். அவற்றின் முகப்பு விளக்குகளுள் சில சாலையைக் காட்டும். சில மரத்தின் உச்சியைக் காட்டும். வேறு சில, எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும்.

என் அப்பாவின் வண்டி விளக்கு மூன்றாம் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. முதலில் அது மங்கலாகத்தான் எரிந்தது. விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்றை மிக அருகில் வந்த பிறகே கண்டு அஞ்சிய அப்பா, மறுநாளே கடைக்குச் சென்று நூறு வாட் பல்பு ஒன்றை வாங்கி மாட்டினார். "இப்போ பகல் மாதிரி தெரியுது" என்று மகிழ்ந்தார். ஒரு மாதம் சென்றது. அம்மாவைப் பின்னால் அமர்த்தி, காய்கறி மூட்டையுடன் வந்த ஓர் இரவில், எதிரே சைக்கிளில் வந்த நெசவாளப் பெரியவர் ஒருவர் கண் கூசிச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தார். அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வீடு திரும்பிய அப்பா சொன்ன சொல் இது: "அவர் மேல தப்பு இல்லம்மா. என் வெளிச்சம்தான் அவர் கண்ணைக் கட்டிடுச்சு."

தறியில் அமர வேண்டிய கை இரண்டு மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தது. இத்தனை வெளிச்சம் இருந்தும் இது ஏன் நடந்தது என்னும் கேள்வி என்னை விடவில்லை. இயற்பியல் ஆசிரியையிடமும், அப்பாவின் வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடமும் கேட்டு அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

விளக்கின் உள்ளே

முகப்பு விளக்கில் மூன்று உறுப்புகள் உண்டு: பல்பு, அதன் பின்னுள்ள குழிந்த ஆடி, முன்னுள்ள கண்ணாடி. ஆடி பரவளைய வடிவமானது. அதன் குவியத்தில் வைத்த ஒளி, எதிரொளித்து இணைகற்றையாக நெடுந்தொலைவு செல்லும் என்று நாம் படித்திருக்கிறோம். 'பிரைட்' வெளிச்சம் இவ்வாறே உண்டாகிறது.

'டிம்' வெளிச்சத்திற்கு வேறோர் உபாயம் செய்திருக்கிறார்கள். எச்-4 வகை ஹாலஜன் பல்பில் இரண்டு மின்னிழைகள் உள்ளன. டிம் இழை குவியத்திற்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் கரண்டி போன்ற சிறு உலோகத் தடுப்பு ஒன்று இருக்கும். ஆகவே அவ்விழையின் ஒளி ஆடியின் மேற்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. ஒரு காலத்தில் விளக்குக் கண்ணாடியின் நடுவிலோ மேற்பாதியிலோ கறுப்பு வண்ணம் பூசுவார்கள். அது ஒளியின் ஒரு பகுதியை மறைத்ததே தவிர, அதன் திசையைத் திருத்தவில்லை.

இழைகள் சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. அவை இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிறிது விலகினாலும் வெளிச்சம் சிதறிவிடும். ஹாலஜன் பல்புக்கென அமைந்த ஆடியில் ஏதோ ஓர் எல்.இ.டி. பல்பைச் செருகினால் எதிரே வருபவர் கண் கூசுவதற்குக் காரணம் இதுவே. முழு விளக்கும் எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்தால் இக்குறை நேராது.

விளக்கு மங்குவது ஏன்?

சென்னையில் 1955-ஆம் ஆண்டு முதல் உருவான புல்லட் வண்டிகளில் பழையவற்றுக்கு 6 வோல்ட் மின்னமைப்பே இருந்தது. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுகளில் என்ஜினோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்தே விளக்குக்கு மின்சாரம் வரும். ஆகையால் வண்டி மெதுவாகச் சென்றால் விளக்கும் மங்கும். இக்கால வண்டிகளில் 12 வோல்ட் பாட்டரி உண்டு. ஆயினும் சில ஆண்டுகளில் அவற்றின் விளக்கும் மங்குகிறது. பல்பு கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி வயர்தான்.

துருப்பிடித்த எர்த் இணைப்பு, தேய்ந்த சுவிட்ச், மெல்லிய வயர் ஆகியவை வழியிலேயே மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். 12 வோல்ட் வர வேண்டிய பல்புக்கு 10.8 வோல்ட் வந்தால் குறைவு பத்தில் ஒரு பங்குதான். ஆனால் வெளிச்சமோ ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்துவிடும்! எனவே பல்பை மாற்றுமுன் இவற்றைச் செய்தல் நலம்:

1. கண்ணாடியைத் துடைத்து, உள்ளே ஆடி கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் எந்தப் பல்பும் பயன் தராது. டூமையே மாற்ற வேண்டும்.
2. எர்த் இணைப்பையும் பல்பு ஹோல்டரையும் சுரண்டித் தூய்மை செய்ய வேண்டும்.
3. தேவையெனில் ரிலே ஒன்றைப் பொருத்தலாம். அது ஒரு மின்காந்தச் சாவி. விளக்கின் மின்னோட்டம் சுவிட்ச் வழியாகச் சுற்றி வராமல், பியூஸ் வழியே பாட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரே செல்லும்.
4. வண்டிக்குக் குறித்த வாட் அளவை மீறக் கூடாது. 35 வாட்டுக்கென அமைந்த வயரிங்கில் நூறு வாட் பல்பு எரிந்தால் ஹோல்டர் உருகும், பாட்டரியும் தீரும்.
5. ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகுதியாகச் சூடேறிப் பல்பு கெட்டுவிடும்.

சுவரும் சாக்பீசும்

இனி முக்கியமான பாடத்திற்கு வருவோம். விளக்கைச் சரியான திசையில் நிறுத்த ஒரு சுவர், ஒரு சாக்பீஸ், ஓர் அளவு நாடா, அரைமணி நேரம் ஆகியவை போதும்.

முதலில் டயரில் காற்றைச் சரிபார்க்க வேண்டும். சமதரையில் முன்சக்கரம் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்தி, வழக்கமாக ஓட்டுபவர் இருக்கையில் அமர வேண்டும். விளக்கின் நடுப்புள்ளியின் உயரத்தில் சுவரில் கிடைக்கோடு ஒன்றும், அதன் மேல் நிலைக்கோடு ஒன்றும் வரைக. பிறகு விளக்கிலிருந்து சுவர் 5 மீட்டர் தொலைவில் இருக்கும்படி வண்டியை நேர் பின்னே நகர்த்துக. கிடைக்கோட்டுக்கு 5 செ.மீ. கீழே இன்னொரு கோடு வரைக. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இந்த இரண்டாம் கோட்டில் அமைய வேண்டும். வெளிச்சம் நிலைக்கோட்டுக்கு வலப்புறம் சாயக் கூடாது. நம் நாட்டில் எதிர் வண்டி வருவது அப்பக்கத்தில்தான். சில வண்டிகளில் விளக்கின் அடியில் இதற்கென ஒரு திருகு உண்டு. சிலவற்றில் இருபுறப் போல்ட்டுகளையும் தளர்த்தி விளக்கைச் சாய்க்க வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதையே கொள்க.

5 மீட்டருக்கு 5 செ.மீ. என்றால் நூற்றுக்கு ஒன்று இறக்கம். விளக்கின் உயரம் 90 செ.மீ. எனில், டிம் வெளிச்சம் 90 மீட்டரில் தரையைத் தொடும். இறக்கம் நூற்றுக்கு நான்கு ஆனால் 22 மீட்டரிலேயே நின்றுவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் தடையைக் கண்டு, பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். ஆகவே அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் ஆபத்தே.

பின்னால் ஏறும் சுமை

அப்பாவின் வண்டியில் நேர்ந்த தவறு எது என்று இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். அம்மாவும் மூட்டையும் ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 3 செ.மீ. மிகுதியாக இறங்கியதாகக் கொள்வோம். இரு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 125 செ.மீ. எனில், விளக்கு நூற்றுக்கு 2.4 மேல்நோக்கிச் சாய்கிறது. சரியாக வைத்த 1 இறக்கமும் மறைந்து, 1.4 ஏற்றம் ஆகிவிடுகிறது. 40 மீட்டர் தொலைவில் அவ்வெளிச்சத்தின் உயரம் 90 + 56 = 146 செ.மீ. சைக்கிளில் வருபவரின் கண் ஏறத்தாழ இருக்கும் உயரம் அது! அதன்மேல் நூறு வாட் பல்பும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

இரவில் விரிந்திருக்கும் கண்பாவை, திடீரென வரும் வெளிச்சத்தில் சுருங்கும். வெளிச்சம் கடந்த பின்னும் சில விநாடிகள் இருட்டு மட்டுமே தெரியும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்பவர் அம்மூன்று விநாடிகளில் 40 மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு செல்பவரைப் போன்றவரே. எனவே ஆளோ சுமையோ ஏற்றினால் பின்பக்க ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். அது போதாவிடில் விளக்கைத் தாழ்த்த வேண்டும்.

சட்டம் கூறுவது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இதற்கு ஓர் அளவு வகுத்துள்ளன. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், விளக்கின் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கி அமைந்திருக்க வேண்டும். இதை நாமே சோதிக்கலாம். அளந்து குறித்த இடத்தில் ஒருவர் நின்று பார்த்தால் போதும். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் தயாரான இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிகிறது. ஆகையால் இன்று இப்பாடம் முன்னினும் தேவையானது.

அப்பாவின் வண்டியில் இப்போது பழைய 35 வாட் அளவுப் பல்பே இருக்கிறது. எர்த் சுத்தமானது, டூம் புதியது. எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கோடுகள் அழியாமல் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அப்பா வண்டியில் அமர, அம்மா பின்னால் ஏற, நான் நாடாவைப் பிடிக்கிறேன். சாலை முன்னினும் நன்றாகத் தெரிகிறது என்கிறார் அப்பா. கை தேறிய பெரியவர், எங்களைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி ஒரு வார்த்தை பேசிவிட்டே செல்கிறார்.

தோழியரே! இது ஆண்கள் வேலை என்று ஒதுங்காதீர்கள். நாளை நாமும் வண்டி ஓட்டுவோம். இன்றிரவே உங்கள் வீட்டு வண்டியைச் சுவரின் முன் நிறுத்திப் பாருங்கள். நம் விளக்கு நமக்கு வழி காட்டட்டும். பிறர் வழியை மறைக்காதிருக்கட்டும்!