‘எனக்கு’ன்னு ஆரம்பிச்சா ‘கெட்’ வரும்: அக்கா டிப்ஸ்

கண்ணு, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டாங்கன்னு எழுதியிருந்தே, சந்தோஷம். கூடவே, ‘கெட்’ மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குதுன்னு ஒரு பக்கத்துக்குப் புலம்பல். டிக்‌ஷனரியைத் திறந்து வரிசையா மனப்பாடம் பண்ணிட்டிருந்தா முதல்ல அதை மூடி வை. இங்கிலீஷ்ல சின்னச் சின்ன வினைச்சொல்லுக்குத்தான் அர்த்தம் ஏராளம். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியோட 1989-ஆம் வருஷப் பதிப்புல ‘செட்’ங்கிற சொல்லுக்குத்தான் ரொம்ப நீளமான இடம். அப்புறம் ‘ரன்’ அதைத் தாண்டிடுச்சு. அதுக்கு மட்டும் 645 அர்த்தம் பிரிச்சுக் காட்டினார் அந்த அகராதியோட ஆசிரியர்கள்ல ஒருத்தரான பீட்டர் கில்லிவர். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டா லண்டன்ல ஒருத்தர் பேசறார்? நாமளும்தான் ‘போடு’ன்னு ஒரே சொல்லை வச்சு டீ போடறோம், சட்டை போடறோம், கையெழுத்துப் போடறோம், சண்டை போடறோம், வாழைக்கு உரம் போடறோம். உனக்கு அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரலையே.

என்கிட்ட ஒரு வழி இருக்கு. தமிழ்ல நீ ‘எனக்கு’ன்னு ஆரம்பிக்கிற வாக்கியத்தைக் கவனி. எனக்கு வேலை கிடைச்சுது. எனக்குக் கோபம் வந்துச்சு. எனக்குக் கல்யாணம் ஆச்சு. எனக்கு இப்பதான் புரிஞ்சுது. நாலுலயும் தமிழ் வினை வேற வேற: கிடைச்சுது, வந்துச்சு, ஆச்சு, புரிஞ்சுது. இங்கிலீஷ்ல நாலுக்கும் ‘கெட்’ ஒண்ணே போதும். ஐ காட் த ஜாப். ஐ காட் ஆங்க்ரி. ஐ காட் மேரீட். ஐ கெட் இட் நவ். தமிழ்ல வேலையும் கோபமும் நம்மைத் தேடி வருது, நாம ‘எனக்கு’ன்னு ஓரமா நிக்கிறோம். இங்கிலீஷ்ல ஆளைத் தூக்கி முன்னாடி நிறுத்தணும், அவ்வளவுதான். அப்படி நிறுத்தாம தமிழ் வரிசையிலேயே ‘த ஜாப் காட் டு மீ’ன்னு சொல்லிட்டா, “அந்த வேலை என்னைப் படுத்தி எடுத்துடுச்சு”ன்னு அர்த்தம் ஆயிடும். வேலை கேட்கப் போன இடத்துல இந்த வாக்கியம் வாயில வரக் கூடாது.

எல்லா ‘எனக்கு’வுக்கும் ‘கெட்’ போட்டுடாதே. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிற நிலைமை. இதுக்கு ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’னு தனித்தனியா சொல் இருக்கு. ‘கெட்’ வரணும்னா ஏதாவது ஒண்ணு மாறியிருக்கணும். காய்ச்சல் வந்துடுச்சுன்னா ‘காட்’, காய்ச்சல் இருக்குன்னா ‘ஹேவ்’. போன வருஷம் கல்யாணம் ஆச்சுன்னா ‘காட் மேரீட்’, கல்யாணம் ஆனவங்கன்னா வெறும் ‘மேரீட்’. (யாரைக் கட்டினோம்னு சொல்ல ‘டு’ போடணும். நம்ம பக்கம் பாதிப் பேர் ‘வித்’ போடறாங்க.) ‘எனக்கு’ இல்லாத இடத்துலயும் இதே கணக்குதான். நேரம் ஆகுது, மழையில நனைஞ்சுட்டேன், சோறு ஆறிடுச்சு: இட்ஸ் கெட்டிங் லேட், ஐ காட் வெட், த ரைஸ் காட் கோல்டு. ஒரு நிலையிலிருந்து இன்னொண்ணுக்கு நகர்ந்துச்சான்னு பாரு. நகர்ந்திருந்தா தைரியமா ‘கெட்’டைப் போடு.

இப்ப சொல்லப்போறதுலதான் நம்ம ஊர்ப் பிள்ளைங்க அதிகமா மாட்டறாங்க. சலூன்ல போய் உட்கார்ந்து வந்த தம்பி “முடி வெட்டிட்டேன்”ங்கிறான். கத்தரிக்கோலைப் பிடிச்சது அவன் இல்லைன்னு தமிழ்ல யாருக்கும் சந்தேகம் வராது. அதையே ‘ஐ கட் மை ஹேர்’னு சொன்னா, கண்ணாடி முன்னாடி நின்னு தானே வெட்டிக்கிட்டான்னு ஆயிடும். அடுத்தவங்க கையால ஆன வேலைன்னா ‘கெட்’ போட்டு, பொருளைச் சொல்லி, அப்புறம் வினையோட மூணாவது வடிவத்தைச் சொல்லு: ஐ காட் மை ஹேர் கட். டெய்லர் தச்ச பிளவுஸுக்கு, ஐ காட் மை பிளவுஸ் ஸ்டிச்ட். மெக்கானிக் பார்த்த வண்டிக்கு, ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.

இன்டர்வியூவுல அப்பா என்ன பண்றார்னு கேட்பாங்க. தொட்டியத்துல வாழை வச்சிருக்கோம்னு சொல்லுவே. “போன வாரம் தார் வெட்டினோம்”னு நாம வீட்டுல சொல்றது, ஆள் வச்சு வெட்டினதைத்தான். அதை ‘வீ காட் த பஞ்சஸ் கட்’னு சொல்லு, சரியா இருக்கும். தாருக்கு ‘பஞ்ச்’, சீப்புக்கு ‘ஹேண்ட்’, ஒத்தப் பழத்துக்கு ‘ஃபிங்கர்’. வாழை வியாபாரத்துல இங்கிலீஷ்ல இப்படித்தான் சொல்றாங்க. பூவனா, ரஸ்தாளியா, ஏலக்கியா, கற்பூரவள்ளியான்னு பேரோட சொன்னா கேட்கிறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க. வாழை ஆராய்ச்சிக்குன்னே ஒரு தேசிய மையம் நம்ம திருச்சியிலதான் 1993-லிருந்து இருக்குன்னும் சேர்த்துக்கோ.

ஆளை வச்சு வேலை வாங்கினதைச் சொல்ல இன்னொரு வகையும் இருக்கு. ஐ காட் மை பிரதர் டு கம். தம்பியைக் கெஞ்சியோ கொஞ்சியோ வரவச்சேன்னு அர்த்தம். ‘மேட்’ போட்டா அதட்டி வரவச்ச மாதிரி. ‘மேட்’டுக்குப் பின்னாடி ‘டு’ கிடையாது, ‘காட்’டுக்குக் கட்டாயம் உண்டு.

அந்த ‘டு’ இன்னொரு இடத்துல ஆளையே மாத்திடும். பங்குனியில நம்ம தொட்டியம் மதுரை காளியம்மன் தேரை வடம் பிடிச்சு இழுக்கிறதில்லை, தோள்ல தூக்கிட்டுப் போறாங்க. வெளியூர்க்காரங்களுக்கு இது புதுசு, கேட்டா விலாவாரியா சொல்லு. “தேர் தூக்க எங்க அண்ணனுக்குக் கொடுத்துவச்சிருந்துச்சு”ங்கிறதுக்கு, மை பிரதர் காட் டு கேரி இட். வாய்ப்புக் கிடைச்சுதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி ஒரு ‘ஹேஸ்’ சேர்ந்து ‘ஹேஸ் காட் டு கேரி’ன்னு ஆச்சுன்னா, தூக்கியே ஆகணும்னு கட்டாயம். பாக்கியம் கடமையா மாறிப்போறது அந்த ஒரு சொல்லாலதான். பேசும்போது அந்த ‘ஹேஸ்’ வெறும் ‘ஸ்’ஸா சுருங்கிடும், காதைத் தீட்டி வச்சுக்கோ.

பஸ் விஷயம் சுருக்கமா. தொட்டியத்துல ஏறினா ‘கெட் ஆன்’, முசிறி, குணசீலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா ‘கெட் ஆஃப்’. உள்ள எழுந்து நடக்க முடியற வண்டிக்கு ஆன், ஆஃப். கார், ஆட்டோ மாதிரி குனிஞ்சு உட்கார்றதுக்கு இன், அவுட். ‘கெட் டவுன்’ நம்ம நாட்டு இங்கிலீஷ். இங்கே எல்லாருக்கும் புரியும், அதைத் தப்புன்னு சொல்ற கட்சி இல்லை நான். வெளிநாட்டு கிளையன்ட்கிட்ட மட்டும் தவிர்த்துடு. அவங்களுக்கு அது மரத்துலயிருந்தோ மதில்லயிருந்தோ இறங்கறது, இல்லைன்னா ‘குனிஞ்சுக்கோ’ன்னு கத்தறது.

போன் உடைஞ்சுது, பழம் அடிபட்டுச்சு, பர்ஸ் திருடு போச்சு மாதிரி நாம கேட்காம நடக்கிற சங்கடத்துக்கெல்லாம் ‘காட்’தான்: காட் புரோக்கன், காட் புரூஸ்ட், காட் ஸ்டோலன். அமெரிக்காவுல இருக்கிற சித்தி பொண்ணு ‘காட்டன்’னு சொன்னா சிரிக்காதே, பருத்தி இல்லை அது. பழைய வடிவம், அங்கே இன்னும் புழக்கத்துல இருக்கு. பரீட்சையில நீ ‘காட்’னே எழுது.

கடைசியா, இதை வாயோட வச்சுக்கோ, பேப்பர்ல வேண்டாம். ‘கெட்’ வடக்குக் கடல் தாண்டி வந்த வைக்கிங் ஆட்கள் பேச்சுலயிருந்து வந்த வீட்டுச் சொல். ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’ எல்லாம் 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பிரெஞ்சுலயிருந்து உள்ள வந்த வகை. அரண்மனையிலயும் கோர்ட்டுலயும் பிரெஞ்சு நடந்ததால அந்தக் கச்சேரி வாடை இன்னும் போகல. அதனால பேசும்போது ‘ஐ காட் யுவர் மெயில்’ சரி, கடுதாசியில ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் மெயில்’னு எழுது. வாங்கின பட்டத்துக்கு ரெஸ்யூமேல ‘காட்’ போடாதே, ‘அப்டெய்ன்ட்’ போடு. அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்ல போட்டுவிடு, ராத்திரி வேலை முடிஞ்சதும் பார்த்துத் திருத்தித் தர்றேன்.