மிக்ஸியை ஓரமாக வையுங்கள்!

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. காய்கறி என்றாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். கேரட், பீன்ஸ் எல்லாவற்றையும் சோற்றோடு மிக்ஸியில் அடித்துக் கொடுத்தால்தான் உள்ளே போகிறது. சின்னக் கட்டி தட்டுப்பட்டாலும் துப்பிவிடுகிறாள். சரியாகச் சாப்பிடவில்லையே என்று பாலை மட்டும் நாளைக்கு 5 முறை கொடுத்துவிடுகிறேன். சிறுதானியம் கொடுக்கலாம் என்றால், 'பச்சைப் பிள்ளைக்குச் செரிக்காது' என்கிறார் மாமியார். தானியமும் காயும் சேர்த்து அவளுக்கு எப்படிச் சமைப்பது?

- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் பாலைக் குறையுங்கள். 5 முறை பால் குடித்த வயிற்றில் பசி எங்கிருந்து வரும்? இந்த வயதில் நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே சாப்பாடாகிவிட்டால் ரத்தசோகை வரக்கூடும். சாப்பாட்டுக்கு முந்தைய 2 மணி நேரம் பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரைவேக்காட்டுச் சிறுதானியம் குழந்தைக்கு ஆகாது. ஊறவைத்துக் குழைய வேகவைத்தால் பயமில்லை. நார்ச்சத்து வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும் என்பதால் வாரத்துக்கு 2, 3 நாள் கொடுங்கள். மற்ற நாளில் கீழே உள்ள குழைசாதத்தையே அரிசியில் செய்யலாம்.

சாமைக் குழைசாதம்

சாமை 3 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். பொடியாக நறுக்கிய கேரட், பரங்கிக்காய் தலா 2 மேசைக்கரண்டி, பாதி தக்காளி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து, ஒன்றேகால் கப் தண்ணீர் விட்டு, குக்கருக்குள் கிண்ணம் வைத்து 5 விசில் விடுங்கள். திறந்ததும், பொடியாக அரிந்த சிறுகீரை ஒரு பிடி போட்டு, அடுப்பில் 4 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. உப்பு ஒரு சிட்டிகை போதும்; நாள் முழுவதற்குமே 2 கிராமுக்குள் இருக்கட்டும்.

தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுகட்டும். தக்காளியின் வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். கேரட், பரங்கிக்காயின் பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும், அதற்குத்தான் நெய்.

இனி மிக்ஸிக்கு வருவோம். மென்று பழக வேண்டிய வயதில் எல்லாவற்றையும் கூழாக்கிக் கொடுத்தால், வாய் மெல்லக் கற்றுக்கொள்ளாது. காயின் நிறமும் ருசியும் தனியாகத் தெரியாததால், தட்டில் முழுசாகப் பார்க்கும்போது அது அவளுக்கு அந்நியப் பொருள்தான். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதல் வாரம் மத்தால் நன்றாகக் கடையுங்கள். அடுத்த வாரம் கரண்டியால் லேசாக மசியுங்கள். அதற்கடுத்து, விரலால் நசுங்கும்படி வெந்த காய்த் துண்டு ஒன்றிரண்டைத் தட்டோரத்தில் வைத்து, அவளே எடுத்துத் தின்னட்டும். பச்சைக் கேரட், முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் கூடவே கூடாது; தொண்டையில் சிக்கும்.

துப்பினால் திட்டாதீர்கள், கைபேசியைக் காட்டி ஏமாற்றவும் வேண்டாம். ஒரு புதுக் காய் பிடித்துப்போக 10 தடவைகூட ஆகலாம். வீட்டில் எல்லோரும் அதே பரங்கிக்காயைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆனால், கட்டியான உணவைக் கொடுக்கும்போதெல்லாம் புரையேறினாலோ, எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

'இவ்வளவுதானா சாப்பிட்டாள்?' என்ற கவலையும் வேண்டாம். 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் கிண்ணம் உள்ளே போனால், ஒன்றரை வயதுக்கு அது ஒரு வேளையின் முழுச் சாப்பாடு.