முதல் கேள்வி கேட்பது எப்படி?

முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் நுழைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அரத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்தில் நிற்பவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றோமே! இணையத்தில் ஏற்கெனவே நடந்துவரும் ஒரு குழுவில் சேரும்போதும் அதே தவிப்புதான்.

நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் குழுவில் சேர்ந்த அன்றே, "என் பவர் சப்ளை வேலை செய்யவில்லை, ஏன்?" என்று கேட்டேன். "சர்க்யூட் எங்கே? எத்தனை வோல்ட் வருது? பழைய பதில்களைப் படிச்சீங்களா?" என்றார் ஒருவர். இன்னொருவர் கேலியே செய்துவிட்டார். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகுதான் தெரிந்தது, இது பழைய கதை என்று. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட் என்ற செய்திக் குழு வலையமைப்பைத் திட்டமிட்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரி திறந்ததும் புதுப் பசங்க கூட்டமாக வந்து, நடைமுறை தெரியாமல் எழுதுவார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடுவார்கள். ஆனால் 1993-க்குப் பிறகு பொதுமக்களும் வரத் தொடங்க, புதியவர் வருகை ஓயவே இல்லை. பழையவர்கள் அதற்கு 'முடியாத செப்டம்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

1995 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு வெளிவந்தது. ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் படித்துப் பார்க்கச் சொல்கிறது அது. நம்மில் எத்தனை பேர் இரண்டு நாளாவது படிக்கிறோம்?

நானும் படித்தேன். பிறகு மறுபடி கேட்டேன்: "7805 ஐ.சி.க்கு உள்ளே 6.2 வோல்ட், வெளியே 4.3 வோல்ட். லோடு 300 மில்லி ஆம்பியர். கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்துவிட்டேன். சர்க்யூட் இதோ." முதலில் கடிந்துகொண்டவரே பதில் தந்தார்: "5 வோல்ட் சரியா வரணும்னா உள்ளே குறைஞ்சது 7 வோல்ட் வேணும் தம்பி. டிரான்ஸ்ஃபார்மரை மாத்திப் பாருங்க." மாற்றினேன், சரியானது. அதையும் அங்கேயே எழுதி வைத்தேன், அடுத்தவருக்கு உதவுமே!

ஆக, கேள்வியில் நான்கு விஷயம் வேண்டும்:

1. என்ன செய்ய முயன்றோம்.
2. என்ன நடந்தது, அளவுகளோடு.
3. என்னென்ன செய்து பார்த்தோம்.
4. தீர்ந்தபின், எப்படித் தீர்ந்தது.

பழையவர்களுக்கும் கடமை உண்டு. புதியவர்களுக்குத் தங்கள் தளம் இதமாக இல்லை என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே 2018-ல் ஒப்புக்கொண்டது. புதியவர் பெயரருகே ஓர் அடையாளமும் போட்டது, பார்த்துப் பேசுங்கள் என்று.

போன மாதம் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னிடம், "மல்டிமீட்டரை எதுல வைக்கணும் அண்ணா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதும்தான் என் பழைய ஒரு மாதம் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்டு, உட்கார வைத்துக் காட்டினேன்.

கேட்கக் கற்போம். கேட்பவரைச் சிரிக்காமல் இருக்கவும் கற்போம்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை