செய்தித்தாளில் பிடிபட்ட ஆங்கிலம்



ஆங்கிலச் செய்தித்தாள் படித்துச் சொல்வளம் சேர்ப்பது எப்படி என்று எழுதித் தரும்படி இதழ்க் குழுவில் கேட்டார்கள். அதற்கு முன்னால், ஒரு சொல்லிடம் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அத்தை டீக்கடையிலிருந்து ஓர் ஆங்கிலப் பேப்பரோடு வந்தார்கள். அவர்கள் தம்பி பக்கத்து ஊரிலிருந்து தங்குகடல் போயிருந்தார். "நம்ம பக்கத்துப் படகு பத்தி வந்திருக்காம். என்னய்யா போட்டிருக்கு? வாசிச்சுச் சொல்லு" என்றார்கள். அதில் மீனவர்கள் 'அப்ரிஹெண்டட்' என்று இருந்தது. 'அப்ரிஹென்ஷன்' என்றால் அச்சம் என்று மனப்பாடம் பண்ணி மார்க்கும் வாங்கியவன் நான். யோசிக்கவே இல்லை. "கடல் சரியில்ல போல அத்தை, பயந்து போயிருக்காங்களாம்" என்றேன். "கடல்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர்கள் உலை வைக்கப் போய்விட்டார்கள்.

ராத்திரிதான் தெரிந்தது. கடலில் வைத்துப் படகோடு எல்லோரையும் கைது செய்திருக்கிறார்கள். ஒரு பகல் முழுக்க அந்த வீட்டில் யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை, மனு எழுதவில்லை. காரணம் நான். அவர் அப்புறம் வீடு வந்து சேர்ந்துவிட்டார். அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஆங்கில ஆசிரியர் அகராதியைப் பிரித்துக் காட்டினார். 'அப்ரிஹெண்ட்' என்பது லத்தீன் மொழியில் பிடித்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். கைது செய்தல், புரிந்துகொள்ளுதல், அஞ்சுதல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. எனக்கு ஆச்சரியம், இதெல்லாம் நம்ம தமிழிலும் அப்படியே இருக்கிறது! 'திருடனைப் பிடிச்சாச்சு', 'கணக்கு இப்பத்தான் பிடிபட்டுச்சு', 'பயம் பிடிச்சுக்கிச்சு'. மூன்றிலும் ஒரே 'பிடி'. அதே வேரிலிருந்து வந்தவைதான் 'காம்ப்ரிஹென்ஷன்' என்பதும் சிறை என்று பொருள்படும் 'பிரிசன்' என்பதும். (பரீட்சையில் அந்த காம்ப்ரிஹென்ஷன் பகுதி ஏன் அப்படி இருக்கிறது என்று இப்போது விளங்கியது.)

அன்றைக்கே பட்டியல் மனப்பாடத்தை விட்டுவிட்டேன். பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கும். செய்தியில் அந்தச் சொல் யாருக்கு, எங்கே, என்ன செய்கிறது என்று தெரியும்.

இப்போது நான் செய்வது இதுதான். முதலில் தமிழ்ப் பேப்பரில் ஒரு செய்தியைப் படிப்பேன். பிறகு அதே செய்தியை ஆங்கிலப் பேப்பரில் தேடுவேன். விஷயம் முன்பே தெரியும் என்பதால் புதுச் சொல் தானாகவே பாதி விளங்கிவிடும். மீதிக்குத்தான் அகராதி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1878இல் 'தி இந்து' ஆங்கிலப் பத்திரிகையை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882இல் 'சுதேசமித்திரன்' தமிழ்ப் பத்திரிகையையும் தொடங்கினார். 1904இல் அதில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த நம்ம மாவட்டத்து எட்டயபுரம் பாரதியாருக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது முக்கியமான வேலை. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவ்வளவு பழைய பழக்கம்.

நம்ம ஊர்ச் செய்தியாகப் பார்த்து எடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அந்தப் பயணிகளுக்கு ஆங்கிலப் பேப்பர்கள் போட்ட சொல் 'ஸ்ட்ராண்டட்'. 'ஸ்ட்ராண்ட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் கடற்கரை. கப்பல் கரையில் ஏறி நகர முடியாமல் நிற்பதுதான் முதல் பொருள். நாம் 'தரைதட்டிருச்சு' என்போமே, அதேதான். ரயிலும் தரைதட்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளத்தில் மூழ்குவதைச் சொல்லும் 'இனன்டேட்' என்ற சொல்லுக்குள்ளும் அலை என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அவ்வளவு அந்நியம் இல்லை என்பது என் கட்சி.

தலைப்புகளில் மட்டும் ஜாக்கிரதை. நேற்று நடந்ததை இன்று நடப்பது போல எழுதுவார்கள். 'ஃபைவ் ஹெல்ட்' என்றால் ஐந்து பேர் கைது, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று இல்லை. 'ரோ' என்று படித்தால் துடுப்பு வலிப்பது. அதே எழுத்துகளை 'ரௌ' என்று படித்தால் சண்டை, சச்சரவு. பேப்பரில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி 'ரௌ' என்று வந்ததை நான் படகுப் போட்டி என்று நினைத்து ஒரு பத்தி முழுக்கப் படகைத் தேடினேன்.

வானிலைச் செய்தியைத் தவறவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 'ஸ்குவாலி வெதர்', மீனவர்கள் கடலுக்குள் 'வென்ச்சர்' செய்ய வேண்டாம் என்று வரும். 'ஸ்குவாலி' என்றால் திடீர் திடீரென்று அடித்து வீசும் காற்று, 'வென்ச்சர்' என்றால் ஆபத்து தெரிந்தும் துணிந்து போவது. 'கஸ்ட்' என்றால் இடையிடையே ஒரு தள்ளுத் தள்ளும் வேகம். இதை அப்பாவிடம் சொன்னேன். "கச்சான் அடிச்சா இதுக்கு பேப்பர் வேணுமாக்கும்" என்றார். ஆனாலும் மறுநாள், "இன்னைக்கு அந்த கஸ்ட் எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்று அவரேதான் கேட்டார்.

நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று சொல்தான் எழுதுகிறேன். பத்து எழுதிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த முழு வாக்கியத்தையும் தேதியோடு எழுதுகிறேன். தலையங்கம் இன்னும் எனக்குக் கை வரவில்லை. இரண்டு பத்தி தாண்டினால் தூக்கம் வருகிறது. அதைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

அத்தை இப்போதும் பேப்பர் கொண்டு வருகிறார்கள். நான் அகராதியை எடுத்துக்கொண்டுதான் திண்ணைக்குப் போகிறேன்.

இந்த வாரம் உங்களுக்கு மூன்று சொற்கள்: 'ரிமாண்ட்', 'ஸீஸ்', 'டோல்'. மூன்றாவதில் கவனம். வாகைக்குளம் டோல்கேட்டில் வரும் 'டோல்' வேறு, வெள்ளச் செய்தியில் வரும் 'டோல்' வேறு. விடையோடு அந்தச் சொல் வந்த செய்தியையும் கத்தரித்து ஒட்டித் தரவேண்டும். நூலகப் பேப்பரைக் கத்தரித்துவிடாதீர்கள், போன தடவை அதற்குத் திட்டு வாங்கியது நான்.